ஒரு தெரு, ரெண்டு கோயில், காணாமல் போன ஊர்: மில்டன் அப்பாஸ்

இந்த எபிசோட்ல நாம போகப்போறது இங்கிலாந்தோட தென்மேற்குப் பக்கம். டார்செட்னு ஒரு கவுண்டி. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க. அங்க மில்டன் அப்பாஸ்னு ஒரு கிராமம். பேர் தெரியலைன்னாலும் படம் பார்த்திருப்பீங்க. காலண்டர், பிஸ்கட் டப்பா, ஜிக்ஸா பசில், எதுலயாவது வந்திருக்கும். சரிவுல வளைஞ்சு இறங்குற ஒரே ஒரு தெரு. ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் வச்ச கூரை வீடுங்க. வீட்டுக்கு முன்னாடி புல்வெளி. பின்னாடி ரெண்டு பக்கமும் காடு ஏறிப் போகுது.

ஆன்சைட்ல இருந்தப்ப ஒரு சனிக்கிழமை நான் இந்த ஊருக்குப் போயிருக்கேன். தெருவோட மேல் முனையில ஹாம்ப்ரோ ஆர்ம்ஸ்னு ஒரு பப். அங்கிருந்து கீழ இறங்கினா பத்து நிமிஷத்துல ஊர் முடிஞ்சிடும். அழகான ஊர்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாதி தூரம் நடந்தப்ப மனசுல ஏதோ இடிச்சது. எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரே உயரம், ஒரே அகலம், ஜன்னல் ஒரே இடத்துல, வீட்டுக்கு வீடு ஒரே இடைவெளி. சுத்தமான காப்பி-பேஸ்ட்.

பழைய ஊர் எதுவும் இப்படி இருக்காது. அண்ணன் வீட்டை ஒட்டி தம்பி ஒரு ரூம் எடுப்பான், எவனோ ஒருத்தன் திண்ணையைத் தெருவுக்குள்ள ஒரு அடி தள்ளிக் கட்டுவான், ஒரு சந்து முட்டுச்சந்தா முடியும். ஊர்ங்கிறது கோணல்மாணலா வளர்றது. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஒரு கிராமம் இருந்துச்சுன்னா, யாரோ ஒரே ஆள் மேசைல உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கார்னு அர்த்தம். யார் அவர், எதுக்காக முடிவு பண்ணார், அதுக்கு முன்னாடி இந்த ஜனங்க எங்க இருந்தாங்க? இன்னைக்குப் பேச்சு இதைப் பத்தித்தான்.

விடை ஒரு கிலோமீட்டருக்குள்ளயே இருக்கு. கிராமத்துல இருந்து வடமேற்கா நடந்தா ஒரு பெரிய பள்ளத்தாக்கு திறக்கும். நடுவுல கம்பளம் விரிச்ச மாதிரி புல்வெளி. அதுல ரெண்டே ரெண்டு கட்டடம் ஒட்டி நிக்குது. ஒண்ணு ஒரு பிரம்மாண்டமான கோயில், மில்டன் அபி. இன்னொண்ணு ஒரு அரண்மனை. சுத்தி வேற எதுவுமே கிடையாது. இந்தக் காலி இடம்தான் மில்டன் டவுன். கிராமம் இல்லைங்க, டவுன். நூறு வீட்டுக்கு மேல இருந்த, சந்தை கூடின, சொந்தமா பீர் காய்ச்சி வித்த ஒரு சிறு நகரம். அதைத் துடைச்சு எடுத்துட்டு விதைச்ச புல்லுதான் இது.

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம். மில்டன்கிறது மிடில்டன்கிற பேரோட சுருக்கம். பத்தாம் நூற்றாண்டுல, 930கள்ல, அதெல்ஸ்டன்னு ஒரு ராஜா இங்க ஒரு மதக்கோயிலை நிறுவினார். பின்னாடி அது பெனடிக்டைன் துறவிகளோட மடம் ஆச்சு. அபின்னா துறவிகள் மடத்தோட கோயில். அப்பாஸ்ங்கிற பின்னொட்டும் அந்த மடத்தைக் குறிக்கிறதுதான். 1309-ல மின்னல் விழுந்து பழைய கோயில் எரிஞ்சு போச்சு. திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க, ஆனா முழுசா முடிக்கவே இல்ல. ஜனங்க நிக்குற நீளமான மண்டபம், அதாவது நேவ், கடைசி வரைக்கும் எழும்பல. இன்னைக்கு நாம பார்க்கிறது கோபுரத்தையும் கிழக்குப் பாதியையும்தான். பாதிக்கே இவ்வளவு பெருசா இருக்குன்னா முழுசும் கட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மடம்னா அதுக்கு ஆள் வேணும், சாப்பாடு வேணும், துணி வேணும், குதிரைக்கு லாடம் வேணும். அதனால மடத்து வாசல்லயே ஊர் முளைச்சது. நம்ம ஊர்ல கோயிலைச் சுத்தி சன்னதித் தெரு வர்ற மாதிரி. சந்தை, சத்திரங்கள், மது வடிக்கிற இடம், 1521-ல ஒரு கிராமர் ஸ்கூல். அந்த ஸ்கூலை வச்சவர் அப்போதைய மடத்துத் தலைவர் வில்லியம் மிடில்டன். பின்னாடி கதைல அது முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் எட்டாம் ஹென்றி வந்தார். மடங்களைக் கலைச்சு சொத்தை எடுத்துக்கிட்ட கதை உங்களுக்குத் தெரியும். மில்டன் மடம் 1539-ல கலைஞ்சது. அடுத்த வருஷம் சர் ஜான் ட்ரெகன்வெல்ங்கிறவர் ஆயிரம் பவுண்டு கொடுத்து மொத்தத்தையும் வாங்கினார். இவர் யார்னா, மடங்களைக் கலைக்க ராஜா அனுப்பின அதிகாரிகள்ல ஒருத்தர். ஏலம் விடுறவரே ஏலம் எடுக்கிறதுங்கிறது எல்லா நாட்டுக்கும் பொது போல.

ஆனா ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. மத்த பல ஊர்கள்ல மடத்துக் கோயிலை இடிச்சுக் கல்லை வித்தாங்க. இங்க அது தப்பிச்சு, ஊர் ஜனங்களோட பாரிஷ் சர்ச் ஆச்சு. பாரிஷை நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் பங்குன்னு சொல்றாங்க, தெற்கத்தி சி.எஸ்.ஐ. சபைகள்ல சேகரம்னு சொல்ற அமைப்பும் கிட்டத்தட்ட இதுதான். ஆனா அன்னைய இங்கிலாந்துல பாரிஷ்ங்கிறது ஞாயித்துக்கிழமை விஷயம் மட்டும் இல்ல. 1538-ல இருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்துக்கும் பாரிஷ்ல பதிவேடு வைக்கணும்னு உத்தரவு. ஏழைகளுக்கு உதவி கொடுக்கிற பொறுப்பும் பாரிஷோடது. அதாவது பஞ்சாயத்து ஆபீஸ், பதிவு ஆபீஸ், சுடுகாடு, கோயில் எல்லாம் ஒரே இடம். நீ இந்த ஊர்க்காரன்தான்னு சொல்றதுக்கு ஆதாரம் அங்கதான் இருக்கு. உன் தாத்தா அந்த வாசல்ல படுத்திருக்கார். ஒரு ஊரோட பாரிஷ் சர்ச்சை எடுத்துக்கிறதுன்னா எதை எடுத்துக்கிறதுன்னு புரிஞ்சுக்கத்தான் இவ்வளவு சொல்றேன்.

இந்தக் கோயில் சம்பந்தமா சொல்லாம விட முடியாத ஒரு சின்னக் கதை. ட்ரெகன்வெல் குடும்பத்துல ஜான்னு ஒரு பையன், அஞ்சு வயசு. கோயில் கூரைல இருந்து கீழ விழுந்துட்டான். அந்தக் காலத்துல சின்னப் பசங்களுக்கும் பாவாடை மாதிரி அகலமான உடுப்புதான் போடுவாங்க. அது காத்துல குடை மாதிரி விரிஞ்சு, பையன் பூ மாதிரி வந்து இறங்கினானாம். பாராசூட் வர்றதுக்கு முன்னாடி பாராசூட். அவர் எண்பது வயசு தாண்டி வாழ்ந்து 1680-ல செத்தார். நன்றிக்கடனா தன் புத்தகங்களை எல்லாம் இந்தக் கோயிலுக்கு எழுதி வச்சார். நான் நிமிர்ந்து அந்தக் கூரையைப் பார்த்தேன். உடுப்பு எவ்வளவு அகலமா இருந்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரல. ஆனா ஊரே நம்புது, இருந்துட்டுப் போகட்டும்.

இப்போ வில்லனுக்கு வருவோம். வில்லன்னு சொல்லலாமான்னு கடைசில நீங்களே முடிவு பண்ணுங்க.

1752-ல இந்த எஸ்டேட்டை வாங்கினவர் ஜோசப் டேமர். பணம் எங்கிருந்து வந்துச்சு? இவர் தாத்தா தலைமுறைல இதே பேர்ல இன்னொரு ஜோசப் டேமர் இருந்தார். அயர்லாந்துல நிலம், வட்டிக்கு விடுற தொழில். அங்க யாராவது பெரிய பணக்காரன்னு சொல்லணும்னா டேமர் மாதிரின்னு சொல்ற பழக்கமே வந்துச்சு. 1720-ல அவர் செத்தப்ப ஜோனதன் ஸ்விஃப்ட், அதான் கலிவர் கதை எழுதினவர், கேலியா ஒரு பாட்டே எழுதினார். கல்யாணம் ஆகாத மனுஷன், சொத்து உறவுக்காரங்களுக்குப் போச்சு. அந்தப் பணத்துல வளர்ந்தவர்தான் நம்மாளு. ஒரு டியூக்கோட மகள் கேரலின் சாக்வில்லைக் கல்யாணம் பண்ணார். 1753-ல லார்ட் மில்டன் ஆனார்.

பட்டம் வந்தாச்சு, பட்டத்துக்கு ஏத்த மாளிகை வேணும் இல்லையா. பழைய மடத்துக் கட்டடங்களை இடிச்சு, வில்லியம் சேம்பர்ஸ்ங்கிற பெரிய கட்டடக் கலைஞரை வச்சுப் புதுசாக் கட்ட ஆரம்பிச்சார். 1498-ல கட்டின மடத்துச் சாப்பாட்டு மண்டபத்தை மட்டும், அதோட மரக் கூரை அவ்வளவு அழகுங்கிறதால, உள்ளுக்குள்ள அப்படியே வச்சுக்கிட்டாங்க. சேம்பர்ஸுக்கும் டேமருக்கும் ஒத்துப் போகல. லண்டன்ல ராஜாவுக்கே வேலை செஞ்ச மனுஷன், இவரோட தாக்குப் பிடிக்க முடியாம விலகிட்டார்.

தோட்டத்துக்கு வந்தவர் இன்னும் பெரிய பேர்: கேப்பபிலிட்டி பிரௌன். நிஜப் பேர் லான்சலட். எந்த எஸ்டேட்டைப் பார்த்தாலும் இங்க நல்ல கேப்பபிலிட்டி இருக்குன்னு சொல்லுவாராம், அந்தப் பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு. இவரோட பாணி என்னன்னா, வேலி, பூப்பாத்தி, நேர்கோட்டு நடைபாதை எதுவும் கூடாது. மாளிகை ஜன்னல்ல நின்னு பார்த்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்வெளி அலை அலையாப் போகணும். நடுவுல ஒரு ஏரி, அங்கங்க நாலு மரம். மனுஷன் கைவச்ச மாதிரியே தெரியக் கூடாது. அதுக்காக ஆயிரக்கணக்கான டன் மண்ணை வெட்டிக் கொட்டுவாங்க, அது வேற விஷயம்.

மில்டன்ல ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்? ஊர். புகை, சந்தை இரைச்சல், பன்றி, சத்திரத்துல குடிச்சிட்டு வர்றவங்க, ஸ்கூல் பசங்க. பசங்க வேற சும்மா இல்ல. தோட்டத்துச் சுவர் ஏறிக் குதிச்சு வெள்ளரிக்காய் திருடுறது, முட்டை திருடுறதுன்னு லார்டுக்கு ஏகப்பட்ட கம்ப்ளெயின்ட். டிராஃபல்கர் போர்ல நெல்சன் சாகும்போது பக்கத்துல இருந்த கேப்டன் தாமஸ் ஹார்டி இருக்காரே, அவரும் 1782-க்கு அப்புறம் கொஞ்ச காலம் இந்த ஸ்கூல்ல படிச்சவர்தான். வெள்ளரிக்காய்ல அவருக்குப் பங்கு உண்டான்னு எனக்குக் கேட்க ஆசை.

ஆக, வியூல ஒரு பிரச்சினை. பிரச்சினைக்குப் பேர் மில்டன் டவுன். டேமர் கண்டுபிடிச்ச தீர்வு, ஊரை எடுத்துடலாம்.

இந்த இடத்துல நிறைய பேர் ஒரே ராத்திரில ஆள் அனுப்பி வீட்டை இடிச்ச மாதிரி கற்பனை பண்ணுவாங்க. அப்படி நடக்கல. கிட்டத்தட்ட இருபது வருஷம் எடுத்துச்சு, ஏறக்குறைய 1771-ல இருந்து 1790 வரைக்கும். எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமான பகுதி இதுதான், ஏன்னா எல்லாம் சட்டப்படியே நடந்துச்சு.

அந்தக் காலத்து டார்செட்ல வீட்டுக் குத்தகைக்கு ஒரு விசித்திரமான முறை உண்டு. இத்தனை வருஷம்னு கணக்கு கிடையாது, உயிர்க் கணக்கு. பத்திரத்துல மூணு பேர் பெயரை எழுதுவாங்க, உதாரணமா நான், என் மனைவி, என் பையன். இந்த மூணு பேர்ல கடைசி ஆள் உயிரோட இருக்கிற வரைக்கும் வீடு நம்ம கையில. ஆரம்பத்துல ஒரு பெரிய தொகை கட்டணும், அப்புறம் வருஷா வருஷம் சின்ன வாடகை. மூணுல ஒரு உயிர் போச்சுன்னா, திரும்ப ஒரு தொகை கட்டிப் பேரப்பிள்ளை பெயரைச் சேர்த்துக்கலாம். அப்படியே தலைமுறை தலைமுறையா ஓடும். வழக்கத்துல அது சொந்த வீடு மாதிரிதான். ஆனா சட்டத்துல, புதுப் பெயரைச் சேர்க்கிறதும் சேர்க்காததும் நிலச்சுவான்தார் இஷ்டம்.

டேமருக்கு இது போதும். புதுப்பிக்கல. காத்திருந்தார். ஒரு வீட்டுல கடைசிப் பெயர்க்காரர் செத்தா, குத்தகை முடிஞ்சது, வீடு இடிஞ்சது. சீக்கிரம் முடியணும்னா மிச்சக் குத்தகையைக் காசு கொடுத்து வாங்கினார். பக்கத்து வீட்டுல ஒரு கிழவி படுத்த படுக்கையா இருக்கான்னா, அந்தத் தெருவே அவ மூச்சை எண்ணிட்டு இருந்திருக்கும். யோசிச்சுப் பார்த்தா வயித்தைப் பிசையுது. அடுத்தடுத்து ஒரு பல் விழுற மாதிரி வீடு வீடா விழுது, இருபது வருஷம். சந்தைக்கு வர ஆள் குறையுது. சத்திரம் மூடுது. பீர் காய்ச்சுற இடம் போச்சு. மிச்சம் இருக்கிறவனுக்கும் அங்க பிழைப்பு இல்ல. எங்க வேலைல ஒரு பழைய சர்வீஸை நிறுத்தணும்னா இப்படித்தான் பண்ணுவோம். ஒரே நாள்ல அணைக்க மாட்டோம், புது யூசரைச் சேர்க்கிறதை நிறுத்திடுவோம், அப்புறம் அது தானா செத்துடும். சர்வருக்குப் பண்ணும்போது கூச்சமா இருக்காது.

ரெண்டு பேர் மட்டும் எதிர்த்து நின்னாங்க. ஒண்ணு ஒரு மனுஷன், இன்னொண்ணு ஒரு ஸ்கூல்.

மனுஷன் பேர் வில்லியம் ஹாரிசன். தொழில் வக்கீல். குத்தகைப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு, என்ன எழுதலைன்னு படிக்கத் தெரிஞ்ச ஆள். லார்ட் எவ்வளவு கொடுத்தாலும் விக்க மாட்டேன்னுட்டார். அப்போ டேமர் என்ன பண்ணார் தெரியுமா? குளத்து மதகைத் திறந்து விட்டு ஹாரிசன் வீட்டுக்குள்ள தண்ணியை அனுப்பினார். வக்கீல் சும்மா இருப்பாரா, கேஸ் போட்டார். ஜெயிச்சார்! லார்ட் தோத்தார். இதோட இன்னொரு கதையும் சொல்லுவாங்க. நவம்பர் 5, கை ஃபாக்ஸ் நாள், வழக்கம்போல கோயில் மணி அடிச்சிருக்காங்க. கேஸ் தோத்த கடுப்புல இருந்த டேமர், தன்னைக் கேலி பண்ணத்தான் அடிக்கிறாங்கன்னு நினைச்சு, மணிகளையே கழட்டி அனுப்பச் சொல்லிட்டாராம். நடந்ததா ஊர்ப் பேச்சான்னு இன்னைக்குப் பிரிக்கிறது கஷ்டம். ஆனா ஒரு ஊர் தன்னைப் பத்தி எந்த மாதிரிக் கதையை ஞாபகம் வச்சுக்குதுங்கிறதுக்கு இது சாட்சி. ஹாரிசன் சாகிற வரைக்கும் அந்த வீட்டுலயே இருந்தார். அவர் போனதும் வீடும் போச்சு. கேஸ்ல ஜெயிச்சவருக்குக் கிடைச்சது அவர் ஆயுள் வரைக்கும்தான். பத்திரத்துல எழுதினதும் அதானே.

ஸ்கூல் விஷயம் கொஞ்சம் கஷ்டமாச்சு. அதுக்குத் தனி அறக்கட்டளை, தனி நிலம், பொறுப்பாளர்கள் எல்லாம் இருந்தாங்க. சாகிறதுக்கு அதுக்கு உயிர் கிடையாது, காத்திருந்து பிரயோஜனம் இல்ல. கடைசில டேமர் பார்லிமென்ட் வரைக்கும் போய் 1785-ல இதுக்குன்னே ஒரு சட்டம் வாங்கினார். ஸ்கூலை பிளாண்ட்ஃபோர்டுங்கிற பக்கத்து ஊருக்கு மாத்தினாங்க. கவனிங்க, நூறு வீட்டை எடுக்க எந்தச் சட்டமும் தேவைப்படல. ஒரு ஸ்கூலை எடுக்கத்தான் பார்லிமென்ட் தேவைப்பட்டது. ஏன்னா ஸ்கூலுக்குச் சொத்து இருந்துச்சு.

இதே நேரத்துல ஒரு கிலோமீட்டர் தள்ளி, மாளிகை ஜன்னல்ல இருந்து தெரியாத ஒரு மடிப்புல, புதுத் தெரு எழும்பிச்சு. ஆரம்பத்துல சொன்னேனே, அதே தெரு. 1780 வாக்குல முடிஞ்சது. மொத்தம் 36 கட்டடம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குடும்பம். நான் ஒரு வீடுன்னு நினைச்சுப் படம் எடுத்தது நிஜத்துல ரெண்டு வீடு. கூரை மட்டும் ஒண்ணு. சுவர் செங்கல் இல்ல, மண்ணையும் வைக்கோலையும் குழைச்சு அடுக்கடுக்கா எழுப்பின மண் சுவர், அவங்க ஊர்ல காப்னு பேர். முதல்ல வெள்ளை கூடக் கிடையாது, மஞ்சள் வண்ணம் அடிச்சிருந்தாங்க. வீட்டுக்கு வீடு நடுவுல ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரம்.

போன வாரம் இந்த டாபிக்கை சொன்னப்ப ஒரு நண்பர் கேட்டார்: "ஏன்டா, அந்த ஆள் புது வீடு கட்டிக் கொடுத்திருக்கான்ல? எத்தனை பேர் அதைக்கூடச் செய்வான்?" நியாயமான கேள்வி. அந்தக் காலத்துல டார்செட்ல கூலிக்காரங்க குடியிருந்த இடங்கள் மோசமானவை, அதோட ஒப்பிட்டா இது வரிசையான, புதுசான வீடு. ஊரைக் காலி பண்ணிட்டுத் திரும்பியே பார்க்காத பிரபுக்களும் உண்டு. அதனால டேமர் ராட்சசன்னு நான் சொல்ல வரல.

ஆனா கணக்கைப் பாருங்க. பழைய ஊர்ல இருந்தவங்க யாரு? சத்திரக்காரர், பீர் காய்ச்சுறவர், வக்கீல், வாத்தியார், கடைக்காரர், கூலிக்காரர். பலதரப்பட்ட ஆளுங்க, ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பிழைச்சவங்க. புதுத் தெருல எல்லா வீடும் ஒரே அளவு, கூலிக்காரர் அளவு. எல்லாரும் எஸ்டேட்டுக்கே வேலை செய்றவங்க, எஸ்டேட் வீட்டுலயே குடியிருக்கிறவங்க. வேலை கொடுக்கிறவரும் வீடு கொடுக்கிறவரும் ஒருத்தரே. வேலை போனா வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்துல இன்னொரு ஹாரிசன் வர வழியே இல்ல. இங்கிருந்து பதினைஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஊர்தான் டோல்படில். 1834-ல ஆறு விவசாயக் கூலிகள் சங்கம் வச்சதுக்காக, ரகசியமா சத்தியம் வாங்கினாங்கன்னு குத்தம் சாட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏத்தினாங்களே, அந்த ஊர். வாரக் கூலி ஏழு ஷில்லிங்குக்கு இறங்கி, இன்னும் குறையும்னு சொன்ன நேரம் அது. டார்செட்ல வாயைத் திறக்கிறதுக்கு என்ன விலைன்னு அதுல தெரியும்.

சரி, கோயிலுக்கு வருவோம். ஊரை எடுத்தாச்சு, ஆனா ஊரோட பாரிஷ் சர்ச் மாளிகை வாசல்லயே நிக்குது. அதை இடிக்க டேமருக்கு மனசு வரல. கோதிக் கோபுரம், வியூக்கு அழகு. ஆனா ஞாயித்துக்கிழமை ஜனங்க புல்வெளியைத் தாண்டி வந்தா நல்லா இருக்காதே. அதனால புதுத் தெருல 1786-ல செயின்ட் ஜேம்ஸ்னு ஒரு சின்னக் கோயில் கட்டிக் கொடுத்தார். ஜேம்ஸ் வயட்ங்கிறவர் பேர் அதோட சேர்த்துச் சொல்லப்படுது. பழைய பாரிஷ் சர்ச் கிட்டத்தட்ட மாளிகையோட பிரைவேட் பிரார்த்தனை மண்டபம் மாதிரி ஆயிடுச்சு. அதைச் சுத்தி இருந்த கல்லறைத் தோட்டத்துல கற்களை எடுத்துட்டு, தரையைச் சமப்படுத்திப் புல் போட்டாங்க. நடந்து போற யாருக்கும் கீழ ஆள் இருக்கிறது தெரியாது. எண்ணூறு வருஷத்து ஊர்க்காரங்க.

தெருல செயின்ட் ஜேம்ஸுக்கு எதிர்ல ஒரு கட்டடம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். ஏழைகள் தங்குற ஆம்ஸ்ஹவுஸ். அது 1674-ல பழைய ஊர்ல கட்டினது. அதைப் பிரிச்சு எடுத்து 1779-ல இங்க திரும்ப நிறுத்தினாங்க. மொத்தத் தெருலயும் புது வீடுகளை விட வயசான கட்டடம் இதுதான். எனக்கு அந்தத் தெருல ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான். ஏன்னா அது அச்சுல வார்த்தது இல்ல, எங்கிருந்தோ வந்த முகம்.

டேமருக்கு என்ன ஆச்சு? 1775-ல மனைவி கேரலின் இறந்தார். அபிக்குள்ள ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் இருக்கு, அகஸ்டினோ கார்லினி செதுக்கினது, பீடம் ராபர்ட் ஆடம் வடிவமைச்சது. மனைவி படுத்திருக்காங்க, கணவர் பக்கத்துல ஒருக்களிச்சு, தலையைக் கையில தாங்கி அவங்களையே பார்த்துட்டு இருக்கார். உண்மையான துக்கம் அந்தக் கல்லுல தெரியுது. ஒரு ஊரையே காலி பண்ண ஆள்னு நினைச்சுட்டு உள்ள போன எனக்கு அதை எங்க வைக்கிறதுன்னே தெரியல. அடுத்த வருஷம், 1776 ஆகஸ்ட்ல, மூத்த மகன் ஜான் லண்டன் கோவன்ட் கார்டன்ல ஒரு சத்திரத்துல துப்பாக்கியால சுட்டுக்கிட்டு இறந்தார். தலைக்கு மேல கடன், அப்பா அடைக்க மறுத்துட்டார். ஜானோட மனைவி ஆன் சீமூர் டேமர் பின்னாடி பெரிய சிற்பி ஆனாங்க, அவங்களுக்குத் தனி எபிசோடே போடலாம். ஜோசப் டேமர் 1792-ல டார்செஸ்டர் பிரபு ஆகி 1798-ல இறந்தார். இன்னொரு மகன் 1808-ல வாரிசு இல்லாம இறந்ததும் பட்டமே முடிஞ்சு போச்சு. மூணு உயிர்க் குத்தகை மாதிரியே.

1852-ல ஹாம்ப்ரோங்கிற பேங்கர் குடும்பம் எஸ்டேட்டை வாங்கிச்சு, பப்போட பேர் அங்கிருந்து வந்ததுதான். 1865-ல கில்பர்ட் ஸ்காட் அபியைப் புதுப்பிச்சார். 1932-ல எஸ்டேட்டைப் பிரிச்சு வித்தாங்க. கோயில் திரும்பத் திருச்சபை கைக்குப் போச்சு. மாளிகைல 1954-ல ஒரு உறைவிடப் பள்ளி வந்துச்சு. ஆமாம், எந்த மனுஷன் ஸ்கூல் பசங்க தொல்லை தாங்காம சட்டம் வாங்கினாரோ, அவர் வீட்டுலயே ஸ்கூல். வெள்ளரிக்காய் ஜெயிச்சிடுச்சு.

1980-ல புதுத் தெருவுக்கு 200 வயசுன்னு ஊர் ஒரு திருவிழா எடுத்துச்சு. பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்பு மாட்டிக்கிட்டு, தெரு முழுக்கக் கடை போட்டு, ஆட்டம் பாட்டம். அது பழகிப் போய் அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தறாங்க. வெளியேத்தினதைக் கொண்டாடுறாங்களான்னு முதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தத் தெருல பிறந்து வளர்ந்தவங்களுக்கு அதுதானே சொந்த ஊர். மில்டன் டவுனைப் பார்த்தவங்க யாரும் இப்போ உயிரோட இல்ல. அப்புறம், சந்தை போன ஊர் தனக்குத்தானே ஒரு சந்தையைத் திரும்பக் கூட்டிக்கிட்ட மாதிரியும் எனக்குத் தோணுது.

நீங்க அந்தப் பக்கம் போனா ரெண்டு விஷயத்தை விட்டுடாதீங்க. அபிக்குக் கிழக்கே மேட்டுல நீளமான புல் படிக்கட்டு ஏறிப் போகுது, உச்சியில செயின்ட் கேதரின் சேப்பல்னு ஒரு நார்மன் காலத்துச் சின்னக் கோயில். அங்க நின்னு திரும்பிப் பார்த்தா, பிரௌன் என்ன நினைச்சு வரைஞ்சாரோ அந்த வியூ முழுசும் தெரியும். உண்மையிலேயே அழகு. மறுக்க முடியல.

இன்னொண்ணு கிரீன் வாக் காட்டேஜ். கூரை வேய்ஞ்ச ஒரு சின்ன வீடு. பழைய மில்டன் டவுன்ல இடிபடாம நின்ன ஒரே வீடு அதுதான். ஆள் குடியிருக்கிற இடம், அதனால தள்ளி நின்னு பார்த்துட்டு வந்துடுங்க.

அடுத்த எபிசோட்ல ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் நூனம் கோர்ட்னி. அங்க 1760கள்லயே இதே மாதிரி ஒரு ஊரை நகர்த்தினாங்க, ஆலிவர் கோல்ட்ஸ்மித்தோட கைவிடப்பட்ட கிராமம்ங்கிற கவிதைக்கு அதுதான் காரணம்னு பல பேர் சொல்றாங்க. அங்க பழைய கோயிலை எடுத்துட்டு, கிரேக்கக் கோயில் மாதிரி ஒண்ணைத் தோட்டத்துக்கு அலங்காரமா வச்சாங்க. அதைப் பத்திப் பேசுவோம்.